விலைக்கு எழுதலாகாத கடிதம்

ஒன்ராறியோ மாகாணத்தில் கடைகளும் உணவகங்களும் அலுவலகங்களும் நடத்திவரும் தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ,
2025 அக்டோபர்

அன்பும் மதிப்பும் மிக்க பெருமக்களே,

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உங்களிற் பலருடைய வரவு செலவுக் கணக்குகளை எழுதி, உங்கள் கடைகளின் பின்னறைகளில் அரிசி மூட்டைகளுக்கும் எண்ணெய்த் தகரங்களுக்கும் நடுவே ஒரு சிறு மேசையைப் போட்டு உட்கார்ந்து, ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் உங்களோடு சேர்ந்து வருமான வரியைப் பற்றிக் கவலைப்பட்டு, உங்கள் பிள்ளைகளின் திருமணங்களிலும் பெற்றோரின் இறுதிக் கிரியைகளிலும் உங்களுள் ஒருவனாகக் கலந்து வாழ்ந்தவன் என்ற ஒரே உரிமையைக் கொண்டு இம்மடலை எழுதத் துணிகிறேன். வயது முதிர்ந்து, கணக்குப் புத்தகங்களை இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்ட இந்நாளில், மனத்தில் நெடுங்காலம் கனத்துக் கிடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமற் போவது, உங்கள் வீடுகளில் நான் உண்ட உப்புக்குச் செய்யும் துரோகமாகும் என்று தோன்றுகிறது.

உங்கள் கடைகளில் இன்று காசுப்பெட்டியின் முன் நிற்பவர் யார், சமையற்கட்டில் வெங்காயம் உரிப்பவர் யார், இரவு பத்து மணிக்குப் பின் தரையைக் கழுவிவிட்டு மார்க்கம் வீதியின் குளிரிலே கடைசிப் பேருந்துக்காகக் காத்து நிற்பவர் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும், திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும், தாயின் நகையையோ தந்தையின் காணியையோ ஈடு வைத்துப் பெற்ற பணத்தோடு படிக்க வந்த பிள்ளைகள் அவர்கள். படிப்பு முடிந்தபின் இந்நாட்டிலேயே நிலைத்து வாழ விரும்பும் அவர்கள், பி.ஆர். என்ற ஒரு சிறு சொல்லுக்குள் தங்கள் எதிர்காலம் முழுவதையும் அடக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நிரந்தர வதிவிட உரிமைக்குச் செல்லும் பாதைகளுள் ஒன்று உங்கள் கடைவாசல் வழியாகப் போகிறது. உங்கள் நிறுவனத்தின் பெயர் பொறித்த தாளில் நீங்கள் எழுதிக் கையொப்பமிடும் வேலைக் கடிதமே அப்பாதையின் கதவு. அக்கடிதத்தைப் பற்றியே இம்மடல்.

நானும் ஒரு காலத்தில் அத்தகைய கடிதத்துக்காக ஒருவர் முன் கைகட்டி நின்றவன்தான். 1990-ஆம் ஆண்டில், டான்ஃபோர்த் வீதியிலே கிரேக்கர் ஒருவர் நடத்திவந்த உணவகத்தில் இரவு வேளைகளில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, என் குடிவரவுக் கோவையில் சேர்ப்பதற்கு வேலைக் கடிதம் ஒன்று தேவைப்பட்டது. ஊரிலே பள்ளி ஆசிரியனாக இருந்தவனுக்குத் தன் கோவையில் ‘பாத்திரம் கழுவுபவன்’ என்ற வார்த்தை நிரந்தரமாக இடம்பெறுவதை நினைக்க உடல் கூசியது. ஆகவே, ‘சமையற்காரர்’ என்று எழுதித் தரமுடியுமா என்று மெல்ல வினவினேன். ஆங்கிலம் அதிகம் அறியாத அம்மனிதர், தம் மகளைத் தட்டச்சுப் பொறியின் முன் உட்காரவைத்து, நான் செய்த வேலையையும் வாரத்துக்கு 44 மணி என்ற கணக்கையும் பெற்ற கூலியையும் உள்ளபடியே சொல்லி எழுதுவித்து, கையொப்பமிட்டு என்னிடம் நீட்டியபோது சொன்னது இதுதான்: நீ செய்வதைத்தான் நான் எழுதமுடியும், நீ சமைக்கும் நாள் வரட்டும், அன்றைக்கு வேறு கடிதம் எழுதுகிறேன்.

அன்றிரவு எனக்கு அவர்மீது மிகுந்த கோபம் உண்டாயிற்று. ஆனால் அடுத்த வசந்தகாலத்தில் அவரே என்னை அடுப்படிக்கு அழைத்துச் சென்று, இறைச்சி வாட்டவும் சாறு காய்ச்சவும் பொறுமையோடு கற்பித்து, ஆறு மாதம் கழிந்ததும் நான் கேளாமலே இரண்டாவது கடிதத்தை எழுதி என் சட்டைப்பையில் வைத்தார். அவ்விரு கடிதங்களும் இன்றும் என் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. முதற்கடிதத்தில் அவர் பொய் எழுதியிருந்தால், இரண்டாவது கடிதத்தில் இருக்கும் மெய்க்கு ஒரு மதிப்பும் இருந்திராது என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

இனி, 2025-இல் உள்ள சட்டம் உங்கள் கடிதத்தில் என்ன எதிர்பார்க்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஏனெனில், உங்களிற் பெரும்பாலோர் தீய எண்ணத்தினால் அன்று, விதிகளை அறியாமையினாலேயே பிள்ளைகளுக்குத் தீங்கு செய்துவிடுகிறீர்கள் என்பதை நான் அருகிருந்து கண்டவன். ஒன்ராறியோ அரசின் குடிவரவாளர் நியமனத் திட்டத்தில், சர்வதேச மாணவர்களுக்கென்று வகுக்கப்பட்ட பிரிவின்கீழ் ஒரு பிள்ளை விண்ணப்பிக்க வேண்டுமானால், அப்பிள்ளைக்கு நீங்கள் அளிக்கும் வேலை முழுநேர வேலையாக, அதாவது ஆண்டுக்கு 1,560 மணியும் வாரத்துக்குச் சராசரி 30 மணியும் குறையாததாக இருத்தல் வேண்டும். முடிவு தேதி குறிக்கப்படாத நிரந்தர வேலையாக இருத்தல் வேண்டும். அப்பகுதியில் அத்தொழிலுக்கு வழங்கும் கூலியின் கீழ்மட்ட அளவுக்கேனும் குறையாத சம்பளம் அதற்கு வழங்கப்படல் வேண்டும். உங்கள் தொழில் நடப்பதற்கு அது உண்மையிலேயே அவசியமான வேலையாகவும் இருத்தல் வேண்டும். தொழில்களை 0 முதல் 5 வரை ஆறு படிகளாக வகுத்திருக்கும் தேசியத் தொழில் வகைப்பாட்டில், 0 முதல் 3 வரையுள்ள நான்கு படிகளுள் ஒன்றில் அது அடங்கவும் வேண்டும். சமையற்காரர் மூன்றாம் படியில் இருக்கிறார், கணக்கெழுதுபவர் இரண்டாம் படியில் இருக்கிறார்; காசுப்பெட்டியில் நிற்பவரும் சமையற்கட்டு உதவியாளரும் ஐந்தாம் படியில் இருக்கிறார்கள்.

உங்கள் நிறுவனத்தின்மீதும் நிபந்தனைகள் உண்டு. குறைந்தது மூன்று ஆண்டுகளாகத் தொழில் நடந்துகொண்டிருத்தல் வேண்டும். ரொறன்ரோ மாநகரிலும் அதைச் சூழ்ந்த டர்ஹம், யோர்க், பீல், ஹால்டன் பிரதேசங்களிலும் தொழில் நடத்துபவராயின், கடந்த நிதியாண்டில் 10 லட்சம் டொலருக்குக் குறையாத மொத்த வருவாயும், அப்பிள்ளை வேலை செய்யப்போகும் அதே இடத்தில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்ற முழுநேர ஊழியர் ஐவரும் இருத்தல் வேண்டும்; அவ்வெல்லைக்கு வெளியே 5 லட்சம் டொலர் வருவாயும் மூன்று ஊழியரும் போதும். தொழிலாளர் சட்டங்களின்கீழ் தீர்க்கப்படாத உத்தரவு எதுவும் உங்கள்மீது இருத்தலாகாது. 2025 ஜூலை மாதம் முதல், பிள்ளை முந்திச்சென்று தன் விருப்பத்தைப் பதிந்துவைத்துக் காத்திருந்த பழைய முறை மாறி, முதலாளியே அரசின் இணையவாயிலில் தம் நிறுவனத்தையும் தாம் தரவிருக்கும் வேலையையும் முதலிற் பதியவேண்டும் என்ற முறை வந்திருக்கிறது. முதலடியை நீங்கள் வைக்காவிடில் அப்பிள்ளையால் ஓரடியும் நகர முடியாது.

இவை அனைத்துக்கும் மேலாக, காலம் என்ற நிபந்தனை ஒன்று இருக்கிறது. நம்மவர் கண்ணுக்கு மிகவும் தப்புவது அதுவே. இரண்டாண்டுப் படிப்பை முடித்த பிள்ளைக்கு மூன்றாண்டுகள் வேலை செய்வதற்கான அனுமதி கிடைக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை மாத்திரமே அது கிடைக்கும். ஆனால் மேற்சொன்ன மாணவர் பிரிவிலோ, படிப்பின் எல்லாத் தேவைகளையும் பூர்த்திசெய்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். வேலை அனுமதி இன்னும் ஓராண்டு உயிரோடிருக்கும்போதே இந்தக் கதவு சத்தமின்றிச் சாத்தப்பட்டுவிடுகிறது.

அக்கதவு சாத்தப்பட்ட காட்சியை ஒருமுறை நேரில் கண்டேன். நம்மவர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்திருந்த ஓர் இளம்பெண், திருச்சிப் பக்கத்தவர். அடக்கமும் கூர்மையும் ஒருங்கே அமைந்தவர். பழைய ரசீதுகளில் நான் விட்ட பிழையையே ஒருமுறை சுட்டிக்காட்டிவிட்டு, ‘மன்னிச்சிருங்க ஐயா’ என்று கூச்சத்தோடு நின்றவர். அவருடைய வேலை மெய்யான வேலை. சம்பளம் தகுதியான சம்பளம். நிறுவனத்தின் வருவாயும் ஊழியர் தொகையும் விதிக்குப் போதுமானவை. கடிதத்தைப் பற்றி அவர் கேட்டபோதெல்லாம் அம்முதலாளி, ‘அவசரப்படாதை பிள்ளை, பார்ப்பம்’ என்று அன்பாகவே சொல்லிவந்தார். அவர் பொய் சொல்லவில்லை. செய்யவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஒருநாள் மனம் கனிந்து, கடிதத்தை எழுதி, அதைச் சரிபார்க்கும்படி என்னிடம் அனுப்பினார். ஒரு குறையும் இல்லாத கடிதம். ஆனால் அப்பெண் படிப்பை முடித்து இரண்டு ஆண்டும் ஒரு மாதமும் ஆகியிருந்தது.

அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கென்று மற்றொரு பிரிவு இருக்கிறது; ஆனால் அதற்கு அத்தொழிலின் நடுமட்டக் கூலியைக் கொடுக்கவேண்டும் என்பது விதி; அவ்வளவு கொடுக்க அம்முதலாளிக்கு இயலவில்லை. அப்பெண் என் எதிரே அமர்ந்து அக்கடிதத்தை இரண்டாக மடித்து, பிறகு நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொல்லி எழுந்து போனார். வேலை அனுமதி முடிந்ததும் ஊர் திரும்பினார் என்று பின்பு கேள்வியுற்றேன். நல்ல மனிதர் ஒருவரின் ஒரு மாதத் தாமதம், ஒரு குடும்பம் ஈடு வைத்த காணியைக் கரைத்துவிட்டது.

தாமதத்தால் விளைந்த தீங்கைச் சொன்னேன். இனிப் பேராசையால் விளையும் தீங்கைச் சொல்லவேண்டும். நம் சமூகத்தில் மாத்திரம் நடப்பதன்று அது. பஞ்சாபியர், சீனர், பிலிப்பினர் என்று எல்லாச் சமூகங்களிலும் நடப்பதுதான். ஆயினும், எல்லார் வீட்டிலும் உண்டு என்பதனால் நம் வீட்டுக் குப்பை மணக்கப்போவதில்லை. பல்லாயிரம் டொலர் வாங்கிக்கொண்டு வேலைக் கடிதத்தை விற்பவர் நம்மிடையே இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வங்கியில் வரவு வைத்த சம்பளத்தின் ஒரு பாகத்தைத் திங்கட்கிழமை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்பவர் இருக்கிறார்கள். ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி கட்டவேண்டிய 5.95 சதவீதப் பங்கையும் அந்தப் பிள்ளையின் தலையிலேயே ஏற்றுபவர் இருக்கிறார்கள். சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் பையனை ‘உணவுச் சேவை மேற்பார்வையாளர்’ என்று தாளில் எழுதி, ஐந்தாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஒரே பேனாவரியில் ஏற்றிவிட்டு, அந்த ஏற்றத்துக்கு விலை கூறுபவர் இருக்கிறார்கள். இடையிலே, உரிமம் இல்லாத முகவர் ஒருவர் இரு பக்கமும் தரகு வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

இந்த வியாபாரத்தின் விளைவு ஒரு கடையோடு நின்றுவிடவில்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். நிரந்தர வதிவிடம் கோருவோரைப் புள்ளியிட்டுத் தெரிவுசெய்யும் மத்திய அரசின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் தொடங்கியபோது, அங்கீகரிக்கப்பட்ட வேலை வாய்ப்பு ஒன்றுக்கு 600 புள்ளிகள் கிடைத்தன. 2016 நவம்பரில் அது பெரும்பாலான தொழில்களுக்கு 50 ஆகவும், உயர்நிலை நிர்வாகிகளுக்கு 200 ஆகவும் குறைக்கப்பட்டது. 2025 மார்ச் 25 முதல், அந்த 50-ம் 200-ம் அடியோடு நீக்கப்பட்டன. எல்.எம்.ஐ.ஏ. என்று நம் பிள்ளைகள் உச்சரிக்கும் தொழிற்சந்தை மதிப்பீட்டுச் சான்றைக் காசுக்கு வாங்கிப் புள்ளி சேர்க்கும் மோசடியை ஒழிப்பதற்காகவே நீக்குகிறோம் என்று அரசு வெளிப்படையாகவே காரணம் கூறியது. விற்றவர் பணத்தோடு போனார். வாங்கியவருள் சிலர் பி.ஆரோடு போனார்கள், நேர்மையான முதலாளியிடம் நேர்மையான வேலை பெற்றிருந்த பிள்ளையின் 50 புள்ளிகளோ ஒரே நாளில் காற்றோடு போயின. ஒருவன் கள்ள நாணயம் அடித்தால் ஊரார் கையிலுள்ள நல்ல நாணயமும் செல்லாமற் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுமா?

மாகாணத்தின் வழியோ இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் அதுவும் குறுகிவிட்டது. 2024-இல் 21,500 பேரை நியமிக்க ஒன்ராறியோவுக்கு இடம் தந்த மத்திய அரசு, 2025-இன் தொடக்கத்தில் அதிற் சரிபாதியான 10,750 இடங்களையே ஒதுக்கியது. வாசல் குறுகியிருக்கும் இக்காலத்தில், பொய்க் கடிதத்தோடு நுழையும் ஒவ்வொருவரும் மெய்யாக உழைத்த மற்றொரு பிள்ளையை வெளியே தள்ளிவிட்டே நுழைகிறார்.

அகப்பட்டுக்கொண்டால் யாருக்கு என்ன நேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய்யான விவரம் தந்ததாகத் தீர்மானிக்கப்படும் விண்ணப்பதாரர், குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகளுக்கு இந்நாட்டில் அனுமதிக்கத் தகாதவராகிறார். இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்கு அது இளமையின் முற்பகுதி முழுவதும் பறிபோவதற்குச் சமம். பொய் சொல்லத் தூண்டியவருக்கும் துணைநின்றவருக்கும் அதே சட்டம் ஒரு லட்சம் டொலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்க இடந்தருகிறது. வேலைக்கமர்த்தும் செலவை அயல்நாட்டுத் தொழிலாளியிடம் வசூலிப்பதையும், அவருடைய கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பதையும் ஒன்ராறியோவின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தொடக்கத்தில் வீட்டுப் பராமரிப்பாளர்களை மாத்திரம் காத்த அச்சட்டம், 2015 நவம்பர் முதல் எல்லா அயல்நாட்டுத் தொழிலாளரையும் காக்கிறது. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற மூன்றரை ஆண்டுகள் வரை முறையிட அதில் வழியிருக்கிறது. இவற்றை உங்களை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை. அச்சத்தினால் நேர்மையாக இருப்பவன் அச்சம் தீர்ந்த அன்றே மாறிவிடுவான் என்பதை நான் அறிவேன். ஆனால் பொய்யின் பாரம் இருவர் தோளிலும் விழுகையில், இவ்விருவருள் நொறுங்கிப்போகும் தோள் எது என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்கவேண்டும் என்றே எழுதுகிறேன்.

இங்கே என் குற்றத்தையும் நான் ஒப்புக்கொள்ளவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கடையின் சம்பளப் பதிவேட்டில் மேற்பார்வையாளர் என்ற பெயரின் எதிரே நான் எழுதிவந்த தொகைக்குரிய பையனை, அக்கடைக்குச் சென்ற நாளெல்லாம் பாத்திரத் தொட்டியின் முன்னேயே கண்டேன். அவனுடைய கைகள் என் பழைய கைகளைப் போலவே வெந்நீரில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கேட்டிருக்கவேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. வாடிக்கையாளரை இழந்துவிடுவேன் என்ற பயத்தினால், கூட்டல் கழித்தல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். டான்ஃபோர்த் வீதிக் கிரேக்கர் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்யத் தவறினேன். இம்மடலை எழுத என்னைத் தூண்டியவற்றுள் அந்தப் பையனின் கைகளும் ஒன்று.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் மறந்துவிட்டேன் என்று கருதாதீர்கள். வாடகை ஏறியிருக்கிறது, 2025 அக்டோபரில் மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டொலராயிற்று, பெரிய அங்காடிகளோடு போட்டியிட்டுச் சிறு கடையை நடத்துவது எவ்வளவு பிரயாசை என்பதை உங்கள் கணக்குகளே எனக்குக் கற்பித்தன. 10 லட்சம் டொலர் வருவாய் உங்களிற் பலருக்கு எட்டாத தொகை. அத்தகையவர்கள், ‘எங்களால் ஒன்றும் செய்ய முடியாதே’ என்று வருந்தவேண்டியதில்லை. மத்திய அரசின் கனடிய அனுபவப் பிரிவுக்கு வேலை வாய்ப்புக் கடிதம் தேவையே இல்லை. படிப்பை முடித்தபின், முதல் நான்கு படிகளுள் அடங்கும் தொழிலொன்றில் ஓராண்டு, அதாவது 1,560 மணி, சம்பளத்துக்கு வேலை செய்த அனுபவமும் மொழித்தேர்ச்சியும் இருந்தால் ஒரு பிள்ளை அதில் விண்ணப்பித்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் புள்ளிப் போட்டியில் நிற்கலாம். அதற்கு உங்களிடமிருந்து வேண்டுவது ஓர் அனுபவக் கடிதம் மாத்திரமே: பதவி என்ன, நாள்தோறும் செய்த கடமைகள் என்ன, வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம் எவ்வளவு, எந்நாள் முதல் எந்நாள் வரை என்று உள்ளபடியே எழுதிய ஒரு பக்கம். இரண்டு ஊழியரை வைத்திருக்கும் மிகச் சிறிய கடைக்காரரும் அதை எழுதலாம்; அரை மணி நேர வேலை.

ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. ஊழியரைப் பதிவேட்டில் ஏற்றாமல், ‘ஒப்பந்தக்காரர்’ என்று பெயரிட்டு, ஓய்வூதியப் பங்கும் வேலையிழப்புக் காப்புறுதியும் கட்டாமல் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் நம் கடைகளில் வேரூன்றியிருக்கிறது. சுயதொழில் செய்தவரின் அனுபவத்தை அக்கனடிய அனுபவப் பிரிவு ஏற்பதில்லை. நீங்கள் சேமிக்கும் சில நூறு டொலருக்காக, ஆண்டு முழுவதும் உங்களுக்காக உழைத்த பிள்ளையின் 1,560 மணிகளும் சட்டத்தின் கண்ணில் நடவாத மணிகளாகிவிடுகின்றன. ரொக்கமாகக் கொடுத்த கூலியும் அவ்வாறே. சம்பளச் சீட்டும் ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் ரி-4 படிவமும் இல்லாத உழைப்பை அதிகாரி எதைக் கொண்டு நம்புவார்?

நம் சமூகம் இம்மண்ணில் காலூன்றிய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 1986 ஆகஸ்ட் 11-ஆம் நாள், நியூஃபவுண்ட்லாந்துக் கடலின் பனிமூட்டத்தில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருங்கியிருந்து தத்தளித்த 155 தமிழரை, கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டு கரைசேர்க்க உதவினார். அவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், கையில் என்ன பத்திரம் வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டு நிற்காமல் அவர் கைநீட்டினார். அன்றைய பிரதமர் பிரையன் மல்ரோனியும், நாட்டில் எழுந்த எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், அவர்களை ஏற்றது சரியே என்று நிலைநின்றார். நாம் அனைவரும் அப்படகுகளில் வந்தவர்கள் அல்லோம். ஆயினும், முன்பின் அறியாத எவரோ ஒருவர் விலை பேசாமல் நீட்டிய கையைப் பற்றிக் கரையேறாதவர் நம்முள் யார் இருக்கிறார்? அன்று தண்ணீரில் இருந்தவர்கள் இன்று கரையில் நிற்கிறோம். கரையில் நிற்பவனுக்கு ஒரு தர்மம் உண்டு.

ஆகவே, உங்களை நான் வேண்டிக்கொள்வன சிலவே. ஒரு பிள்ளையை வேலைக்கு எடுக்கும் முதல் நாளிலேயே, உங்கள் நிறுவனம் மாகாணத் திட்டத்தின் நிபந்தனைகளுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் கணக்காளரிடம் கேட்டறிந்து, பொருந்தாவிடில் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ‘இல்லை’ என்று காலத்தோடு சொன்ன முதலாளியை எந்தப் பிள்ளையும் சபித்ததில்லை. பொருந்துமானால், ஆறு மாதம் வேலையைப் பார்த்து, பிடித்திருந்தால் அப்போதே இணையவாயிலில் உங்கள் பதிவைத் தொடங்குங்கள். செய்யும் வேலையை மாத்திரம் எழுதுங்கள். உயர்ந்த பதவியை எழுத விரும்பினால், அந்தக் கிரேக்கர் செய்ததுபோல், முதலில் அவ்வேலையைக் கற்பித்து, அதற்குரிய சம்பளத்தையும் கொடுத்து, அதன்பின் எழுதுங்கள். எழுதுவதற்கு ஒரு சதமும் வாங்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி வேறெவரும் வாங்காதபடியும் காவல் இருங்கள். குடிவரவு ஆலோசனை வேண்டும் பிள்ளையை, தெருமுனை முகவரிடம் அனுப்பாமல், வழக்கறிஞரிடமோ குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்ற ஆலோசகரிடமோ அனுப்புங்கள். கடிதத்தை ஒரு கயிறாக்கி, ‘நான் இல்லாவிட்டால் உனக்குப் பி.ஆர். இல்லை’ என்று சொல்லி, மிகைநேரக் கூலியின்றி இரவு பகலாக வேலை வாங்காதீர்கள்.

நம் வர்த்தக சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விழாக்களில் பொன்னாடை போர்த்துவதோடு, இவ்விதிகளை எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கடைக்கும் கொடுப்பதையும், கடிதம் விற்பவர் என்று தெரிந்தவரைச் சபையில் முன்வரிசையில் அமர்த்தாதிருப்பதையும் உங்கள் கடமைகளாக ஏற்றுக்கொண்டால், அதைவிடச் சிறந்த சமூகத் தொண்டு வேறு இராது.

பெருமக்களே, இம்மடலை மடித்து வைத்துவிட்டு நாளைக் காலை கடையைத் திறக்கும்போது, எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, ஒரு தேநீரைக் கையில் கொடுத்து, ‘உன் படிப்பு முடிந்த தேதி எது?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் தேதியோடு இரண்டு ஆண்டைக் கூட்டி, கல்லாவுக்குமேல் தொங்கும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மிஞ்சியிருக்கும் மாதங்கள் எத்தனை என்பதை அப்போதே இருவரும் சேர்ந்து எண்ணிவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் கணக்குகளை எழுதிவந்த,
உங்களுள் ஒருவன்